அம்பத்தூர் வெயிலில் ஒரு நீர்க்குளிர் கணினி

கட்டடக் கலைஞர்கள் தரும் வரைபடங்களை வைத்து, இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கட்டி முடித்தது போன்ற படங்களாக உருவாக்கித் தருவது என் தொழில். பிளெண்டர் மென்பொருளில் மாலைவரை காட்சியை அமைத்துவிட்டு, இரவில் ரெண்டரிங் (அமைத்த காட்சியைக் கணினி கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓடவிட்டு உறங்கச் செல்வதே பல ஆண்டுகளாக என் வழக்கம். நான் வேலை செய்யும் அறை அம்பத்தூரில் எங்கள் வீட்டின் மேல் தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்த கான்கிரீட் தளம் அதை இரவில்தான் கக்கும் என்பதால், பதினொரு மணிக்குக்கூட அந்த அறையில் 35, 36 டிகிரி இருக்கும்.

அந்த அறையில் ரைசன் 9 5900எக்ஸ் செயலியும் ஆர்.டி.எக்ஸ். 3080 கிராஃபிக்ஸ் கார்டும் கொண்ட என் கணினி மே மாதம் முழுவதும் திணறிக்கொண்டிருந்தது. கிராஃபிக்ஸ் சிப் 83 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அதைச் சுற்றியுள்ள நினைவகச் சில்லுகள் 106 டிகிரிவரை சென்றன. இந்த வகை நினைவகம் 110 டிகிரியில் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை இழுத்துப் பிடித்துவிடும் என்பதால், நாங்கள் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தோம். மார்கழியில் 40 நிமிடத்தில் முடிந்த ஒரு படம் கத்திரியில் 46 நிமிடம் எடுத்தது. மின்விசிறிகளின் இரைச்சல் பக்கத்து அறையில் உறங்கும் அம்மாவுக்குக் கேட்கும் அளவுக்கு இருந்தது. அந்த மாதத்தில்தான் நீர்க்குளிர்விப்பு முறையை நானே வீட்டில் அமைப்பது என்று தீர்மானித்தேன்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும், மூடி அடைத்த நீர்க்குளிர்விப்பான் ஒன்றை வாங்கிச் செயலியின் மேல் பொருத்தினால் போதாதா என்று நண்பர்கள் கேட்டனர். என் கணினியில் முழுச் சுமையில் செயலி எடுப்பது 142 வாட். கிராஃபிக்ஸ் கார்டு எடுப்பது 320 வாட். வெப்பத்தின் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறதோ அதைத் தொடாமல் சிறுபங்கை மட்டும் குளிர்விப்பதில் எனக்குப் பயன் தெரியவில்லை. இரண்டையும் ஒரே நீர்ச்சுற்றில் இணைக்க வேண்டுமானால் பம்ப், தொட்டி, ரேடியேட்டர், குழாய் ஆகிய அனைத்தையும் தனித்தனியாக வாங்கி நாமேதான் கட்ட வேண்டும்.

இதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீர் எதையும் குளிரச் செய்வதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் இறக்கி வைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் ஆற்றல் தேவைப்படும்; ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அதாவது, ஒரே கொள்ளளவில் காற்றைப் போல ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கிறது. ஆனால் சுமந்து வந்ததை ரேடியேட்டரில் அறைக் காற்றிடம்தான் ஒப்படைக்க முடியும். ஆகவே, அறையின் வெப்பநிலைக்குக் கீழே நீரின் வெப்பநிலை ஒருபோதும் இறங்காது. அறை 36 டிகிரி என்றால் உங்கள் கணக்கு 36-இல்தான் தொடங்கும்.

இதே காரணத்தால் இன்னொரு அச்சமும் தேவையற்றது. நான் குழாய்களை மேசையில் பரப்பி வைத்திருந்தபோது அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பாட்டில் வேர்க்குமே, அதுமாதிரி இதுவும் வேர்த்துச் சொட்டாதாப்பா?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. குளிர்ந்த பாட்டில் வேர்ப்பது அதன் மேற்பரப்பு அறைக் காற்றைவிடக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே செல்வதால்தான். நம் சுற்றிலுள்ள நீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருப்பதால், சென்னையின் புழுக்கத்திலும் அது வேர்க்காது.

அறையிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டதால்தான் என் திட்டம் உருப்பெற்றது. வெளிநாட்டு மதிப்பீடுகளில் காணும் வெப்பநிலைகள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய டிகிரியுள்ள அறைகளில் அளக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து, அறுபது டிகிரிதானே வருகிறது என்று மகிழ்ந்தால், நம் ஊர் மே மாதம் அதன்மேல் பதினைந்தைக் கூட்டிவிடும். ரேடியேட்டரில் ஒரு 120 மி.மீ. விசிறிக்கு நூறு வாட்டுக்கும் சற்றுக் குறைவாகக் கணக்கிட்டால், இரைச்சலற்ற வேகத்திலேயே நீரை அறையைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே நிறுத்திவிடலாம். எனக்கு வேண்டியது 462 வாட். ஆகவே மூன்று விசிறி பொருந்தும் 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று, இரண்டு விசிறி பொருந்தும் 240 மி.மீ. ஒன்று, ஆக ஐந்து விசிறிகள் என்று முடிவு செய்தேன். அறை 36 என்றால் நீர் 48 வரை போகும். நான் வாங்கிய டி5 வகைப் பம்ப் 60 டிகிரி நீர்வரைதான் தாங்கும், பி.இ.டி.ஜி. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் அந்த வெப்பத்தை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் அபாயம் உண்டு. குளிர்நாட்டில் இருப்பவர் ஒரே ஒரு 240 ரேடியேட்டரோடு ஓட்டித் தப்பிவிடலாம். அதையே இங்கே செய்தால் நீர் அறுபதைத் தொட்டு, குழாய் அதன் முனையைப் பிடித்திருக்கும் ஃபிட்டிங் என்னும் இணைப்பிலிருந்து நழுவும் நிலை வரும். அதனால் ரேடியேட்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பாகங்களை வாங்கும்போது உலோகங்களைக் கவனித்தாக வேண்டும். தாமிரமும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அது ஒரு மின்கலம் போலச் செயல்பட்டு அலுமினியத்தை அரித்துவிடும். விலை மலிவாகக் கிடைக்கும் சில ரேடியேட்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. செயலியின் மேல் பொருத்தும், உள்ளே நீர் ஓடும் உலோகக் கட்டையான வாட்டர் பிளாக்கோ பெரும்பாலும் நிக்கல் பூசிய தாமிரம். நான் ரேடியேட்டர்கள், பிளாக்குகள், ஃபிட்டிங்குகள் எல்லாமே தாமிரம், பித்தளை, நிக்கல் ஆகியவற்றுக்குள் அடங்குமாறு பார்த்து வாங்கினேன். பட்ஜெட் போடும்போது பலரும் தவறும் இடம் ஃபிட்டிங்குகள்தான். ஒரு குழாய்க்கு இரண்டு முனை. வளைவு வேண்டிய இடத்தில் கோண ஃபிட்டிங். நீரை வடிக்க 'T' வடிவ இணைப்பு ஒன்றும் வால்வும் என்று எண்ணிக்கொண்டே போனால் என் சுற்றுக்கு மட்டும் பதினெட்டு வந்தது. அவற்றின் மொத்த விலை, இரண்டு ரேடியேட்டர்களின் விலையைத் தாண்டியது. கேபினட்டின் உள்ளளவுகளைத் தாளில் முழு அளவில் வரைந்து, குழாய் செல்லும் வழியைப் பென்சிலால் போட்டு, ஃபிட்டிங்குகளை அந்தத் தாளில் எண்ணிய பிறகே பணம் கட்டினேன். ஹீட் கன் (சுடுகாற்று வீசும் கருவி), ஐசோபுரோபைல் ஆல்கஹால், நுண்பல் இரம்பம் முதலியவற்றை ரிச்சி தெருவில் ஒரே மாலையில் வாங்க முடிந்தது. நீர்ச்சுற்றுக்கான பாகங்களை மட்டும் இணையத்தில் வரவழைத்தேன்.

புதிய ரேடியேட்டரை அப்படியே பொருத்தலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரேடியேட்டரின் மெல்லிய நீர்த்தடங்களைப் பற்றவைக்கும்போது பயன்படும் ஃபிளக்ஸின் எச்சம் உள்ளேயே தங்கியிருக்கும். வாலை வடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) கைபொறுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கி, ரேடியேட்டரைப் பாதி நிரப்பி, இரு துளைகளையும் மூடிக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றினேன். முதல் முறை வந்த நீர் கழனித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. அடியில் பொடிப்பொடியாகப் பழுப்புத் துகள்களும் மணல் போன்ற ஈயப்பற்றுச் சிதறல்களும் படிந்தன. நான்காவது முறை கலங்கல் தெளிந்தது; ஏழாவது முறைதான் பாத்திரத்தின் அடி வெண்மையாகத் தெரிந்தது. 360 ரேடியேட்டருக்கு மட்டும் ஒரு முழு மாலை ஆயிற்று. செயலியின் பிளாக்குக்குள் இருக்கும் நுண்தடங்களின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தத் துகள்கள் எல்லாம் கடைசியில் போய் அடைத்துக்கொள்ளும் இடம் அதுதான் என்பதை நினைத்தால், அந்த மாலை வீணாகப் போனதாகத் தோன்றாது.

கிராஃபிக்ஸ் கார்டைப் பிரித்ததுதான் எனக்கு மிகுந்த பதற்றம் தந்த வேலை. அதன் மூல விசிறித் தொகுதியைக் கழற்றினால் உத்தரவாதம் நீடிக்குமா என்பதை வாங்கிய இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. திருகுகளைக் கழற்றக் கழற்ற, கார்டின் வரைபடத்தை அட்டையில் போட்டு, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். நினைவகச் சில்லுகளுக்கும் மின்னோட்டப் பாகங்களுக்கும் மேல் ஒட்டும், வெப்பத்தைக் கடத்தும் மெத்தைத் தாளான தெர்மல் பேடின் கனம், பிளாக்கின் கையேட்டில் சொன்ன அதே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 1 மி.மீ. கேட்டால் 1 மி.மீ.தான். கையில் இருந்த 1.5 மி.மீ. பேடை முதலில் ஓர் ஓரத்தில் பயன்படுத்தினேன். பொருத்திவிட்டு மறுபடி கழற்றிப் பார்த்தபோது சிப்பின் மேல் தடவிய, வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒரு பாதியில் மட்டும் பரவி, மறுபாதியில் பிசுக்காகத் திரண்டு நின்றது. அரை மில்லிமீட்டர் கூடுதலால் பிளாக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. சரியான கனத்தில் வாங்கி ஒட்டிய பிறகு பேஸ்ட் ஒரே சீராகப் பரவியது. ஒருமுறை பொருத்தி, உடனே கழற்றி, பேஸ்ட் பரவிய தடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மீண்டும் பொருத்துவது பத்து நிமிட வேலைதான். தவறு இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

குழாயை வளைப்பது கைப்பழக்கம். குழாயின் உள்ளே சோப்பு நீர் தடவிய சிலிக்கோன் கயிற்றைச் செருகி, ஹீட் கன்னுக்கு முன் நான்கு விரல் தூரத்தில் விடாமல் சுழற்ற வேண்டும். இருபுறமும் தூக்கிப் பிடித்தால் நடுப்பகுதி தன் எடையில் தொய்யும் நேரம்தான் பதம். அவசரப்பட்டு ஹீட் கன்னுக்கு மிக அருகே கொண்டுபோனால் பிளாஸ்டிக்குக்குள் பாயசத்தில் எழும் குமிழ் போலச் சிறு குமிழ்கள் எழும். அந்தத் துண்டு அதோடு முடிந்தது. அரை மீட்டர் குழாய்கள் எட்டு வாங்கினேன். மூன்று பழகுவதற்கே போயின. வளைவை முதலில் செய்து, இரு முனைகளையும் பிறகு அளந்து அறுப்பதே சரியான வரிசை. முதலிலேயே அளந்து அறுத்துவிட்டு வளைத்தால் நீளம் ஒருபோதும் பொருந்தாது.

அறுத்த முனையைப் பற்றி இனிச் சொல்லப்போவது என்னை நான்கு நாட்கள் அலைக்கழித்த விஷயம். ஃபிட்டிங்கின் அடிப்பாகத்தில் உள்ள ஜி 1/4 மரை இணையான மரை. குடிநீர்க் குழாயில் இருப்பதுபோல உள்ளே போகப் போக இறுகும் கூம்பு மரை அன்று. கசிவைத் தடுப்பது மரை அன்று, அதன் அடியில் உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். ஆகவே டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. ஸ்பேனர் போட்டு முறுக்கவும் கூடாது. கையால் இறுக்கி, வளையம் சற்று நசுங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அக்ரிலிக் பிளாக்கில் மிகையாக முறுக்கினால் விரிசல் விட்டுவிடும். அதேபோல் குழாய் நுழையும் மேல் முனையிலும் ஓ-ரிங்குகள் உள்ளன. அறுத்த குழாயின் விளிம்பு கத்தி போல இருந்தால், குழாயைச் செருகும் அந்த ஒரு கணத்தில் வளையத்தைச் சீவிவிடும். எல்லா முனைகளையும் நான் உப்புத்தாளால் தேய்த்திருந்தேன். கடைசியாக இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் அறுத்த ஒரு குழாயை மட்டும் உள்விளிம்பில் தேய்த்துவிட்டு, வெளிவிளிம்பை மறந்துவிட்டேன்.

நீர் நிரப்புவதற்கு முன் காற்றழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் ஏ.சி. பழுது பார்க்கும் அண்ணன். ஏ.சி.யில் வாயு நிரப்புவதற்கு முன் நைட்ரஜனை ஏற்றி நிறுத்திப் பார்ப்பது அவருக்கு அன்றாட வேலை. மீட்டர் பொருத்திய சிறிய கைப்பம்ப் ஒன்றை வாங்கி, சுற்றின் ஒரு துளையில் இணைத்து 0.5 பார் அழுத்தம் ஏற்றினேன். டி5 பம்ப் தானாக எழுப்பக்கூடிய அழுத்தம் ஏறத்தாழ நான்கு மீட்டர் நீர் உயரம், அதாவது 0.4 பார். அதைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துச் சோதித்தால் போதும். அதற்குமேல் போவது பிளாக்குகளுக்கு நல்லதன்று. இருபது நிமிடத்தில் ஊசி 0.4-க்கு இறங்கியது. ஒருவேளை விசிறிக் காற்றில் குளிர்ந்ததால் இறங்கியிருக்குமோ என்று விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றினேன். மீண்டும் இறங்கியது.

அண்ணன் வந்து பார்த்தார். பதினெட்டு ஃபிட்டிங்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கக் கிளம்பிய என்னைத் தடுத்து, "தம்பி, மொத்தமா தேடாதீங்க. நடுவுல அடைச்சுப் பாதிப் பாதியா நிறுத்திப் பாருங்க. எந்தப் பாதி இறங்குதோ அதை மறுபடி பாதியாக்குங்க" என்றார். கார்டையும் செயலியையும் பிரிக்கும் குழாயைக் கழற்றி இருபுறமும் அடைப்பான் போட்டோம். செயலிப் பக்கம் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. மற்றப் பாதியை மீண்டும் பிரித்தோம். மூன்றாவது பிரிப்பில் மீதம் இருந்தவை இரண்டே ஃபிட்டிங். கார்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து, சோப்பு நுரையைச் சிறு தூரிகையால் தொட்டு வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அருகே கொண்டுவந்தபோது, குழாயும் ஃபிட்டிங்கும் சேரும் இடத்தில் கடுகளவு குமிழ் ஒன்று மெல்லப் பெருத்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடி எழுந்தது. குழாயை உருவினால் அதன் விளிம்பில் நூல் போலக் கருப்பு ரப்பர் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தேய்க்க மறந்த வெளிவிளிம்புதான். கூடுதலாக வாங்கி வைத்திருந்த ஓ-ரிங்கை மாற்றி, விளிம்பைச் சரித்துத் தேய்த்து, ஒரு சொட்டு நீர் தடவிச் செருகியபின், ஊசி ஒரு மணி நேரம் அசையவில்லை. அந்த வழியாக வந்திருக்க வேண்டிய நீர் நேராகக் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் விழுந்திருக்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், அந்தக் கைப்பம்பை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது நீர். ஆர்.ஓ. நீர் குடிப்பதற்குத்தான், என் வீட்டு ஆர்.ஓ. நீர் டி.டி.எஸ். மீட்டரில் 80 காட்டுகிறது, அத்தனையும் கரைந்த உப்பு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரில் ஒரு புட்டி 3 காட்டியது, மற்றொன்று 19 காட்டியது. ஆகவே ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் வாலை வடிநீர் வாங்கி, அது பூச்சியம் காட்டியதைப் பார்த்த பின் பயன்படுத்தினேன். வடிநீரை மட்டும் ஊற்றிவிட்டால் நாளடைவில் பாசியும் அரிப்பும் வரும். அதற்காக அரிப்புத் தடுப்பியும் கிருமித் தடுப்பியும் சேர்ந்த நிறமற்ற கூலன்ட் செறிவைக் கலந்தேன். பால்போல வெளுத்த, பளிச்சென்ற நிறங்களில் வரும் கூலன்ட்டுகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் அந்த நிறம் மிதக்கும் நுண்துகள்களால் வருவது, அவை தடங்களில் படியக்கூடியவை. வேலைக்கு ஓடும் கணினிக்கு நிறமற்ற நீரே போதும். தூய வடிநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் பலகையில் படிந்த தூசியையும் உப்பையும் கரைத்துக்கொண்ட மறுகணம் அது கடத்தும் என்பதால், அந்த உண்மையை நம்பிச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

நிரப்பும்போது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் போகக் கூடாது. பம்புக்கு மட்டும் போக வேண்டும். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்து மதர்போர்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் செல்லும் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பிக்குரிய முனையையும் பக்கத்திலுள்ள ஒரு கருப்புக் கம்பியின் முனையையும் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். தனியாக இயங்கும். எல்லாக் கம்பியும் கருப்பாக இருக்கும் வகையில், அது 16-ஆம் முனை. எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது அதற்கென விற்கும் சிறு அடாப்டரைச் செருக வேண்டும். பம்பின் உள்ளே உராய்வைத் தணிப்பதும் அதே நீர்தான் என்பதால் வறண்டு ஓடவே கூடாது. தொட்டியை நிரப்பி, மூன்று நொடி ஓட்டி, தொட்டி வற்றுமுன் நிறுத்தி, மறுபடி நிரப்பி என்று பன்னிரண்டு முறை செய்தபின் சுற்று நிறைந்தது. எனக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடித்தது. அதன்பின் கேபினட்டை நான்கு பக்கமும் மெல்லச் சரித்து, ரேடியேட்டர் மூலைகளில் அடைந்த காற்றைக் கிளப்பி, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ தாள் வைத்து ஓர் இரவும் ஒரு பகலும் பம்பை மட்டும் ஓடவிட்டேன்.

முதல் இரவு ரெண்டரிங்கில் அறை 35 டிகிரி, நீர் 47 டிகிரி, கிராஃபிக்ஸ் சிப் 61, நினைவகம் 82. முன்பு 83-இலும் 106-இலும் நின்றவை. படம் 40 நிமிடத்துக்குள் முடிந்தது. விசிறிகள் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் போகவில்லை. ஆனால் செயலி எனக்கு ஏமாற்றம்தான் தந்தது. 88-இலிருந்து 79-க்கு மட்டுமே இறங்கியது. காரணம் எளியது. கிராஃபிக்ஸ் சிப்பின் பரப்பு 628 சதுர மி.மீ.; அதன் மேல் பிளாக் நேரடியாக உட்காருகிறது. 5900எக்ஸ் செயலியின் வெப்பம் பெரும்பாலும் ஒவ்வொன்றும் சுமார் 80 சதுர மி.மீ. உள்ள இரண்டு சிறிய சில்லுகளிலிருந்து, ஒரு உலோக மூடியைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. அந்தக் குறுகிய வாசலில்தான் வெப்பம் நெரிசல் படுகிறது. வெளியே எவ்வளவு நீர் காத்திருந்தாலும் வாசல் அகலாது. ஆகவே செயலியை மட்டும் குளிர்விப்பதற்காக இவ்வளவு செலவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல காற்றுக் குளிர்விப்பான் அதற்குப் போதும்.

நீர் முதலில் செயலிக்குச் செல்ல வேண்டுமா, கார்டுக்கா என்று நான் பல நாள் யோசித்திருந்தேன். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடும் சுற்றில் 460 வாட் முழுதும் ஏறினாலும் நீர் இரண்டேகால் டிகிரிக்கு மேல் சூடாகாது. எனவே குழாய் எது குட்டையோ, வளைவு எங்கே குறைவோ, அந்த வழியே போங்கள். விசிறிகளின் வேகத்தைச் செயலியின் வெப்பநிலையோடு இணைக்காதீர்கள். ஓர் உலாவி திறந்தாலே அது பத்துப் பதினைந்து டிகிரி தாவும், விசிறியும் அதனோடு ஏறி இறங்கி மூச்சிரைக்கும். நீர் வெப்ப உணரி ஒன்றை ஒரு துளையில் பொருத்தி, விசிறிகளை அதனோடு இணைத்த பிறகு என் அறையில் அமைதி வந்தது. பம்பின் வேகம் காட்டும் கம்பியை மதர்போர்டில் செயலி விசிறிக்குரிய முனையில் செருகினேன். பம்ப் நின்றால் மதர்போர்டு எச்சரிக்கும், கணினி எழும்பாது. எங்கள் பகுதியில் மின்சாரம் போய்ப்போய் வருவதால், யு.பி.எஸ். சுமை தாங்குமா என்பதையும் மறுகணக்குப் போட வேண்டியிருந்தது.

ஒன்றை மட்டும் எவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கணினி குளிர்ந்தது, அறை குளிரவில்லை. முன்பு எத்தனை வாட் அறைக்குள் வந்ததோ அத்தனையும் இப்போதும் வருகிறது. வேகம் குறையாமல் ஓடுவதால் சற்றுக் கூடுதலாகவே வருகிறது. ஏழு மணி நேர ரெண்டரிங்குக்குப் பின் விடியற்காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. கேபினட்டின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, சமையலறையில் வைப்பது போன்ற எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றை ஜன்னலின் மேல்பகுதியில் பொருத்தினேன். அறை மூன்று டிகிரி இறங்கியது. நீரும் அதே மூன்று டிகிரி இறங்கியது. இன்னொரு ரேடியேட்டர் வாங்கியிருந்தாலும் இந்த விலையில் இவ்வளவு பலன் கிடைத்திருக்காது.

ஓராண்டு நிறைந்ததும் கடந்த மாதம் நீரை மாற்றினேன். அடியில் இருந்த வால்வைத் திறந்து வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்தபோது நீர் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்தது. நாற்றம் இல்லை, பாசி இல்லை. செயலியின் பிளாக்கைத் திறந்தால் நுண்தடங்களின் நுழைவாயிலில் வெள்ளை இழைகள் வரிசையாகச் சிக்கியிருந்தன. குழாய்களின் உட்புறத்தை நான் துடைத்த பழைய பனியன் துணியின் நூல்தான் அது. மென்மையான பல்துலக்கியால் தடங்களின் வாட்டத்திலேயே தேய்த்து எடுத்தேன். நிக்கல் பூச்சில் ஒரு கீறலும் இல்லை. பிளாக்கின் அக்ரிலிக் மூடியை வெறும் நீரால் மட்டும் கழுவினேன், ஏனெனில் ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் முடிபோல் விரிசல்கள் ஓடும். குழாய்களின் உட்புறத்தை இம்முறை துணியின்றி வடிநீரால் அலசிக் கவிழ்த்து உலர்த்தினேன். எல்லாவற்றையும் பூட்டிக் கைப்பம்பை இணைத்து அழுத்தம் ஏற்றியபோது மணி ஒன்பது இருபது. அண்ணனும் வந்து அமர்ந்தார். அம்மா இருவருக்கும் மோர் கொண்டுவந்தார். பத்தரை மணிக்குப் பார்த்தபோதும் ஊசி அதே கோட்டில் நின்றது. தொட்டியின் மூடியைத் திறந்து நீரை ஊற்றத் தொடங்கினேன்.